அக்கரை போன பூட்டனைத் தேடி: பினாங்கு முன்னோடிகளும் அவர்கள் விட்டுச்சென்ற தடயங்களும்

தைப்பூசத்துக்கு முதல் நாள், பினாங்கு வீதியிலுள்ள கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் புறப்படுகிறது. 1894-இல் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த ரதம் அது. எங்கே செய்தது, யார் வரவழைத்தது, எந்த ஆண்டு வந்து இறங்கியது என்பதெல்லாம் ஊரறிந்த செய்தி. அதே கடல்வழியில், அதே காலத்தில் வந்து இறங்கிய மனிதர்களில் பெரும்பாலோரைப் பற்றி இந்த அளவுக்குக்கூட யாருக்கும் தெரியாது. ரதத்தின் பின்னால் நடந்து, மலைப்படி ஏறுகிறவர்களில் பலர் நான்காவது, ஐந்தாவது தலைமுறையினர். ‘எங்கள் பூட்டன் எந்த ஊர்க்காரர், எப்போது வந்தார், எதற்கு வந்தார்’ என்று அவர்கள் வீட்டில் கேட்டால், பதில் இரண்டு மூன்று வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது.

கேள்வி பழையது. அதற்கு விடை தேடும் வழிகளும் பல தலைமுறைகளாக உருவாகி வந்தவை. வீட்டுப் பெரியவர்களின் நினைவை நம்பு என்கிறது ஒரு தரப்பு. அரசாங்கத்தின் ஏடுகளைப் புரட்டு என்கிறது இன்னொன்று. கோயில் கணக்கும் கடைக் கணக்கும்தான் உண்மையான சாட்சி என்பாரும், ஏட்டில் இல்லாததையே படிக்கப் பழகு என்பாரும் உண்டு. இந்தத் தரப்புகள் எங்கிருந்து வந்தன, பினாங்குத் தமிழர் விஷயத்தில் எவ்வளவு தூரம் கைகொடுக்கின்றன, எங்கே கைவிடுகின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

‘முதலில் வந்தவர்’ யார்?

தேடலில் முதல் சிக்கல் ‘முன்னோடி’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. 1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கொடியை ஏற்றுவதற்கு முன்பே, எதிர்க்கரையான கெடாவில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த, சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்கள் இருந்தார்கள். லைட் 1794-இல் எழுதிய அறிக்கை, தீவில் ஏறத்தாழ ஆயிரம் சூலியாக்கள் குடியிருப்பதாகச் சொல்கிறது. அதோடு, ஆண்டுதோறும் சோழமண்டலக் கப்பல்களில் 1,300 முதல் 2,000 ஆண்கள் வந்து, வியாபாரத்திலும் கூலி வேலையிலும் சில டாலர் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புவதாகவும், அவர்கள் இடத்துக்கு வேறு ஆட்கள் வருவதாகவும் கூறுகிறது.

ஆக, ஒருவர் ஐந்து முறை வந்து ஐந்து முறை போயிருக்கலாம். ஆறாவது முறை தங்கியிருக்கலாம். இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் இப்படிப் போய்வருகிறவருக்குச் ‘சபுராளி’ என்று பெயரே உண்டு. குடும்பக் கதை நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் அந்தக் கடைசிப் பயணத்தை மட்டும்தான். ‘முதலில் வந்தவர்’ என்று வீட்டில் சொல்லப்படுகிறவர் ‘முதலில் தங்கியவராக’ இருக்கவே வாய்ப்பு அதிகம். கெர்னியல் சிங் சாந்து 1969-இல் வெளியிட்ட மலாயா இந்தியர் பற்றிய நூலில், ஒன்றேமுக்கால் நூற்றாண்டில் வந்தவர் நாற்பது லட்சத்துக்கும் மேல் என்றும் அவர்களில் பெரும்பகுதியினர் திரும்பிவிட்டனர் என்றும் மதிப்பிட்டார். மலாயாத் தமிழரின் வரலாறு வந்து தங்கியவர்களின் கதை என்பதைவிட, போய்வந்தவர்களுக்கு நடுவே தங்கிவிட்ட சிலரின் கதை.

வீட்டு நினைவு எதைக் காக்கிறது, எதை விடுகிறது

வாய்மொழி மரபை வரலாற்றுச் சான்றாக ஏற்கலாம் என்ற வாதத்துக்குக் கல்விப்புல மதிப்பு வாங்கித் தந்தவர் ஆப்பிரிக்க வரலாற்றாய்வாளர் யான் வான்சினா. 1961-இல் வந்த அவருடைய முதல் நூலும் 1985-இல் அவர் திருத்தி எழுதிய நூலும் இத்துறையின் அடிப்படைகள். பொது மக்களிடையே இந்த நம்பிக்கையைப் பரப்பியது 1976-இல் வெளியான அலெக்ஸ் ஹேலியின் ‘வேர்கள்’. ஹேலி காம்பியாவின் ஜுஃபூரே கிராமத்தில் கதைசொல்லி ஒருவரின் வாயால் தன் மூதாதையின் பெயரைக் கேட்டதாக எழுதினார். அந்தக் கதைசொல்லியின் நம்பகத்தன்மையும், அமெரிக்க ஆவணங்களோடு ஹேலி செய்த இணைப்புகளும் பின்னர் கடுமையாகக் கேள்விக்குள்ளாயின. ஆனாலும் உலகெங்கும் சாமானியக் குடும்பங்கள் தங்கள் கொடிவழியைத் தேடத் தொடங்கியதில் அந்நூலுக்குப் பெரும் பங்கு உண்டு.

வான்சினாவின் கருத்துகளில் நமக்கு மிகவும் பயன்படுவது ‘மிதக்கும் இடைவெளி’. வாய்மொழி மரபில் அண்மைக் காலம் விரிவாக இருக்கும். ஆதி முன்னோரின் கதையும் அழுத்தமாக இருக்கும். நடுவில் உள்ள காலம் மெலிந்து காணாமல் போய்விடும். தமிழில் பாட்டன், பூட்டன், ஓட்டன் என்று மேலே மேலே உறவுச்சொற்கள் உண்டு. சொல் இருந்தாலும் ஆள் நினைவில் இருப்பது பெரும்பாலும் பூட்டனோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் நேரே ‘கப்பலில் வந்தவர்’. இடையில் ஒன்றோ இரண்டோ தலைமுறை விழுந்துபோயிருந்தால் குடும்பத்துக்கு அது தெரிய வழியில்லை.

இந்த விழுதலுக்குத் தமிழ்ப் பெயரிடும் வழக்கமே துணைபோகிறது. தாத்தா பெயரைத் தாங்குகிறவன் என்பதால்தான் பெயரன், பேரன் ஆனான். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் திரும்பத் திரும்ப வரும்போது, இரண்டு சுப்பையாக்கள் நினைவில் ஒரே சுப்பையாவாகிவிடுகிறார்கள். ஒருவர் செய்த கடை இன்னொருவர் பேருக்குப் போய்விடுகிறது. நிலையான குடும்பப் பெயர் இல்லாததும், தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒவ்வொரு தலைமுறையிலும் மாறுவதும் இந்தக் குழப்பத்தைக் கூட்டுகின்றன.

ஆண்டு விஷயத்திலும் இதே நிலைதான். ‘விக்கிரம வருஷம் வந்தார்’ என்றால் அது 1880 ஆகலாம், 1940-உம் ஆகலாம். அறுபது ஆண்டுச் சக்கரம் ஒரு முழு வாழ்நாளையே விழுங்கிவிடக்கூடியது. ஆனால் எல்லா நினைவும் இப்படி வழுக்குவதில்லை. ‘தாது வருஷப் பஞ்சத்தில் வந்தவர்’ என்ற கூற்றை எடுத்துக்கொள்வோம். அது 1876-77. சென்னை மாகாணத்தை உலுக்கிய பெரும் பஞ்சத்தின் ஆண்டு. இங்கே நினைவு ஆண்டின் பெயரோடு காரணத்தையும் சேர்த்துக் கட்டி வைத்திருப்பதால், அறுபது ஆண்டு முன்பின் நகர வழியில்லை. ஆனாலும் ஒரு எச்சரிக்கை தேவை. பெரும் பேரிடர்கள் அக்கம்பக்கத்து ஆண்டுகளில் நடந்தவற்றையும் தம் பக்கம் இழுத்துக்கொள்ளும். 1880-களில் வந்தவரின் பேரப்பிள்ளைகளும் தாது வருஷம் என்றே சொல்லக்கூடும்.

குடும்ப நினைவில் மிகக் குறைவாக மதிக்கப்படும் சான்று குலதெய்வம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஊர்ப் பெயர் மறந்த வீட்டிலும் குலதெய்வத்தின் பெயர் பிழைத்திருக்கிறது. பிள்ளைக்கு முதல் முடி எடுப்பதும் காதணி விழாவும் அதை விடாமல் நினைவூட்டுகின்றன. பொதுவான அம்மன் பெயராக இருந்தால் அதை வைத்து ஊரைக் கண்டுபிடிப்பது அரிது. ஒரு பகுதிக்கே உரிய அய்யனார் பெயரோ காவல் தெய்வத்தின் பெயரோ என்றால் தேட வேண்டிய பரப்பு ஒரு மாவட்டத்திலிருந்து சில கிராமங்களாகச் சுருங்கிவிடும்.

அரசாங்க ஏடு: நேட்டாலுக்கு இருப்பது மலாயாவுக்கு இல்லை

‘ஆவணம் இல்லையேல் வரலாறு இல்லை’ என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய வரலாற்றுப் பள்ளியின் நிலைப்பாடு. முன்னோரைத் தேடுவதில் அது எவ்வளவு வலுவாகக் கைகொடுக்கும் என்பதற்கு தென்னாப்பிரிக்காவின் நேட்டால் நல்ல சான்று. 1860 நவம்பர் 16-ஆம் நாள் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 ஒப்பந்தக் கூலிகள் அங்கே இறங்கினர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை மாகாணத்தவர். ஒவ்வொருவருக்கும் ஒரு எண், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் என்று வரிவரியாகப் பதிவு இருக்கிறது. மொரீஷியசின் மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ள குடியேறிகள் ஆவணத்தில் ஒருகாலத்துக்குப் பிறகு வந்தவர்களின் ஒளிப்படங்களே உள்ளன. டர்பனில் இருக்கும் ஒரு கொள்ளுப்பேரன், எண் கிடைத்துவிட்டால் வட ஆர்க்காட்டுக் கிராமத்தின் பெயர்வரை போய்விட முடிகிறது.

பினாங்குக்கு வந்தவர்களுக்கு அப்படியொரு முழுமையான ஆள்வாரிப் பட்டியல் கிடையாது. காரணம் நிர்வாக அலட்சியம் மட்டுமல்ல, ஆள் வந்த முறையே வேறு. நேட்டாலுக்குப் போகிறவர் அரசாங்க ஒப்பந்தத்தில் போனார். பல வாரக் கடற்பயணம், ஐந்தாண்டு ஒப்பந்தம் என்பதால் அவரை எண்ணிட்டுக் கண்காணிக்க வேண்டியிருந்தது. பினாங்கு அப்படியில்லை. நாகப்பட்டினத்திலிருந்து சில நாள் பயணம். சொந்தக் காசில் வந்தவர், உறவினரோடு வந்தவர், சரக்கோடு வந்தவர், கங்காணி அழைத்து வந்தவர் எனப் பல வகையினர் ஒரே கப்பலில் இறங்கினார்கள். மலாயாவுக்கான ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் முடிந்தது. அதற்கு முன்பே கங்காணி முறை வலுத்து, 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்யும்வரை நீடித்தது. கங்காணி தன் ஊருக்கே போய் உறவினரையும் ஊராரையும் திரட்டி வந்தார். ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாக வந்த கூட்டம் அது. தெரிந்தவர்களுக்குள் காகிதம் குறைவாகவே தேவைப்படும்.

இருக்கிற காகிதத்தைப் படிப்பதும் எளிதல்ல. எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதால், மரைக்காயர் ஒரு ஏட்டில் மரிக்கார், இன்னொன்றில் மெரிக்கன், வேறொன்றில் மரிக்கான் ஆகிவிடுகிறார். ‘தஞ்சாவூர் ஜில்லா’ என்று எழுதியிருந்தால் அந்த ஊர் இன்று நாகப்பட்டினத்திலோ திருவாரூரிலோ 2020-இல் பிறந்த மயிலாடுதுறை மாவட்டத்திலோ இருக்கலாம். 1985-க்கு முந்தைய ‘இராமநாதபுரம்’ இன்றைய சிவகங்கையையும் உள்ளடக்கும்.

மக்கள்தொகைக் கணக்கில் வேறொரு வகைச் சிக்கல் இருக்கிறது. தமிழ் முஸ்லிம் தகப்பனுக்கும் மலாய்த் தாய்க்கும் பிறந்தவர்களை நீரிணைக் குடியேற்றங்களின் கணக்கெடுப்பு ‘ஜாவி பெக்கான்’ என்று வகைப்படுத்தியது. அந்த வகை ஒரு கணக்கெடுப்பில் தனி இனமாகவும் வேறொன்றில் மலாய்த் தலைப்பின் கீழும் வருகிறது. இந்தத் தலைப்புகள் எப்படி மாறிக்கொண்டே வந்தன என்பதைச் சமூகவியலாளர் சார்லஸ் ஹர்ஷ்மன் 1987-இல் ஆராய்ந்து காட்டினார். ஒரு தமிழ் முன்னோரின் பேரப்பிள்ளைகள் எங்கும் போகவில்லை, யாரும் சாகவில்லை. ஆனால் கணக்கில் அந்தத் தமிழ்க் குடும்பம் மறைந்துவிடுகிறது.

சொத்துள்ளவரின் தடம்: காதர் முகைதீன்

ஆவணத்தின் வழியே போனால் மிக நீண்ட தூரம் பார்க்க முடிகிற பினாங்குத் தமிழர் காதர் முகைதீன் மரைக்காயர். ‘கப்பித்தான் கெலிங்’ என்ற பதவிப் பெயரால் ஊர் அறிந்தவர். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த கப்பல் வணிகர். 1801-இல் துணை ஆளுநர் ஜார்ஜ் லீத் காலத்தில் அளிக்கப்பட்ட நிலத்தில் எழுந்த பள்ளிவாசல் இன்றும் அவருடைய பதவிப் பெயரையே தாங்கி நிற்கிறது. அவர் 1834-இல் மறைந்தார். கம்போங் கோலத்தில் அவருடைய அடக்கத்தலம் இருக்கிறது.

இவரை ஏன் இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடிகிறது? நிலமும் பதவியும் இருந்தன என்பதோடு, அவருக்குப் பின்னால் வழக்குகளும் தொடர்ந்தன. பினாங்கில் 1807-ஆம் ஆண்டு அரச சாசனத்தின்படி அமைந்த நீதிமன்றம் 1808-இல் இயங்கத் தொடங்கியது. ஆங்கிலச் சட்டம் பேசும் அந்த நீதிமன்றத்தில் ஒரு தமிழ் முஸ்லிம் தன் சொத்தை உயில் எழுதும்போது, அது இஸ்லாமியப் பங்கீட்டுக்கு உட்பட்டதா, ஆங்கிலச் சட்டத்துக்கு உட்பட்டதா என்ற கேள்வி எழுந்துகொண்டே இருந்தது. அவருடைய மகன் முகமது நூர்தீனின் உயில் மீது நடந்த ‘ஃபாத்திமா எதிர் லோகன்’ வழக்கு (1871) மலேசியச் சட்ட வரலாற்றில் இன்றும் மேற்கோள் காட்டப்படுவது. சட்ட மாணவருக்கு அது ஆங்கிலச் சட்டம் பினாங்குக்கு எந்த அளவு வந்தது என்பது பற்றிய தீர்ப்பு. குடும்பத்தைத் தேடுகிறவருக்கோ, ஒரு தமிழ்வழிக் குடும்பத்தின் சொத்தும் வாரிசும் சான்றாக வைக்கப்பட்ட இடம். வாரிசுகள் ஒற்றுமையாக இருந்திருந்தால் இவ்வளவு எழுத்து மிஞ்சியிருக்காது.

வக்பு நிலங்கள் மீதான புகார்களும் எழுத்தைப் பெருக்கின. அறக்கட்டளைச் சொத்துகளை அரசு மேற்பார்வைக்குக் கொண்டுவர 1905-இல் முகமதிய, இந்து அறக்கொடைச் சட்டம் வந்தது. அதன் கீழ் அமைந்த வாரியம் பள்ளிவாசல் நிலங்களோடு இந்துக் கோயில் சொத்துகளையும் கையில் எடுத்தது. இன்று தண்ணீர்மலை உச்சியிலுள்ள பாலதண்டாயுதபாணி கோயிலை நிர்வகிக்கும் பினாங்கு இந்து அறப்பணி வாரியம் இந்த மரபின் தொடர்ச்சி. அறக்கட்டளை ஏடுகளில் யார் நிலம் கொடுத்தார், யார் குத்தகைக்கு எடுத்தார், யார் அறங்காவலர் என்ற விவரங்கள் வருகின்றன. ஹெலன் ஃபுஜிமோட்டோ 1988-இலும் கூ சல்மா நசுத்தியோன் 2014-இலும் வெளியிட்ட ஆய்வுகள் பினாங்கின் தமிழ் முஸ்லிம் குடும்பங்களை இவ்வளவு விரிவாக எழுத முடிந்ததற்கு இந்த வகை எழுத்துகளே பெரிதும் காரணம்.

இந்த வழியின் பலவீனம் வெளிப்படையானது. உயில் எழுத ஏதாவது இருந்தவரையே அது காட்டும். காட்டுகிறவரையும் சொத்துக்காரராக மட்டுமே காட்டும். காதர் முகைதீனின் மண உறவுகள் பற்றி, குறிப்பாக கெடா அரச குடும்பத் தொடர்பு பற்றி, வாரிசுகளிடையே வழங்கும் கதைகளை இந்த ஏடுகளை மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது. ஆவணத்தில் இருப்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பதற்கு ஒரு காரணமும் உண்டு. வழக்கில் தரப்படும் வம்சாவளி, வழக்கை வெல்லத் தரப்படும் வம்சாவளி.

பேரேடும் புள்ளியும்

நாட்டுக்கோட்டை நகரத்தார் விஷயம் தனி. அவர்கள் அரசாங்கத்துக்காக எழுதியதைவிடத் தங்களுக்காக எழுதியதே அதிகம். வட்டிக்கடை இயங்கிய கிட்டங்கியின் குறிப்பு, சிட்டை, பேரேடு, மூன்றாண்டுக் கணக்கு முடிவில் போடும் ஐந்தொகை, ஊருக்குப் போகும் கடிதங்கள் என்று ஒரு வட்டிக்கடையைச் சுற்றி ஒரு சிறு ஆவணக் காப்பகமே வளர்ந்தது. ‘விலாசம்’ என்று அவர்கள் சொல்லும் முதலெழுத்து வரிசை வெறும் கடைப் பெயரல்ல. தகப்பன், பாட்டன், பூட்டன் பெயர்களைச் சுருக்கிக் கோத்த கொடிவழி பல நேரம் அதற்குள் இருக்கிறது. தமிழரில் மற்றவர்களுக்கு இல்லாத குடும்பப் பெயரை அவர்கள் எழுத்துச் சுருக்கமாக உண்டாக்கிக்கொண்டார்கள் என்றே சொல்லலாம்.

இதற்கு மேல் கோயில். இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என்னும் ஒன்பது கோயில்களில் ஒன்றைச் சேர்ந்தவரே நகரத்தார். திருமணமானவர் தம் கோயிலில் ஒரு ‘புள்ளி’யாகக் கணக்கில் சேர்கிறார். திருமணத்தின்போது எழுதும் இசைகுடிமானத்தில் இரு வீட்டாரின் கோயிலும் பெயர்களும் பதிவாகின்றன. பினாங்கு வீதிக் கிட்டங்கியில் கடையை நடத்தும் மேலாளாக இருந்த ஒருவர் அந்த நாட்டு அரசாங்க ஏட்டில் வெறும் ‘செட்டி’யாக இருக்கலாம். அவரையே காரைக்குடிப் பக்கத்தில் கோயில் கணக்கில், கடைக் கடிதத்தில், கல்யாண ஏட்டில் என மூன்று இடங்களில் தேடிப் பார்க்கலாம். டேவிட் ரட்னர் 1994-இல் வெளியிட்ட நகரத்தார் ஆய்வு, வணிகமும் குலமும் கோயிலும் இவர்களிடம் பிரிக்க முடியாதபடி பின்னிக்கிடப்பதைக் காட்டியது. தேடுகிறவருக்கு அந்தப் பின்னலே பலம்.

ஆனால் இந்த ஏடுகள் மேலாளைப் பேசும் அளவுக்கு அடுத்தாளைப் பேசுவதில்லை. பெட்டியடிப் பையனைப் பற்றிச் சம்பளக் கணக்கு தவிர வேறொன்றும் அரிது. அந்த இடத்தை நிரப்ப ஆய்வாளர்கள் சிலர் புனைகதையை நாடுகிறார்கள். 1938-இல் மேடானுக்கு வேலைக்குப் போன சிங்கம்புணரிக்காரர் ப. சிங்காரம் எழுதிய ‘புயலிலே ஒரு தோணி’யில் மேடானும் பினாங்கும் வட்டிக்கடை வாழ்வும் உயிரோடு இருக்கின்றன. ஒரு தலைமுறை எப்படிப் பேசியது, எதற்கு ஏங்கியது என்பதற்கு அது சான்றாகலாம். ஒரு குறிப்பிட்ட பூட்டனின் வாழ்க்கைக்குச் சான்றாகாது.

மேலாள் பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்பினார் என்பதையும் மறக்கலாகாது. சிறப்பாகப் பதிவானவர் தங்கவில்லை. தங்கியவர் சிறப்பாகப் பதிவாகவில்லை. பினாங்குத் தேடலின் நடுவே இருக்கிற முரண் இது.

ஒரே ஆள், மூன்று தடயங்கள்: துரைசாமி

பினாங்குக்கு விரும்பி வராதவர்களும் உண்டு. கம்பெனியை எதிர்த்துக் கிளர்ந்த மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட பின், பாஞ்சாலங்குறிச்சி, சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிகளைச் சேர்ந்த 73 கிளர்ச்சியாளர்கள் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் ‘அட்மிரல் நெல்சன்’ கப்பலில் ஏற்றப்பட்டு, அன்று வேல்ஸ் இளவரசர் தீவு எனப்பட்ட பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டனர். சிவகங்கையின் வேங்கை பெரிய உடையத் தேவர் அவர்களில் ஒருவர். சின்ன மருதுவின் மகன் துரைசாமி இன்னொருவர். அப்போது அவர் பதின்வயதுப் பையன்.

இந்த ஒருவரைப் பற்றி மூன்று வகைத் தடயங்கள் உள்ளன. முதலாவது, கம்பெனியின் நாடுகடத்தல் பட்டியல். கே. ராஜய்யன் 1971-இல் வெளியிட்ட தென்னிந்தியக் கிளர்ச்சி பற்றிய நூல் இந்த ஆவணங்களை வரலாற்றுக்குள் கொண்டுவந்தது. பட்டியலில் துரைசாமி ஒரு பெயர், ஒரு குற்றவாளி. இரண்டாவது, கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் வெளியிட்ட இராணுவ நினைவுக்குறிப்பு. கிளர்ச்சிக்கு முன்பு சின்ன மருதுவிடம் ஈட்டியும் வளரியும் எறியக் கற்றுக்கொண்டவர் வெல்ஷ். பின்னர் அவருக்கு எதிராகவே போர் செய்தார். 1818-இல் பினாங்கில் தம்மிடம் வந்து நின்ற உருக்குலைந்த ஒரு கைதி துரைசாமிதான் என்று அறிந்து கலங்கியதை அவர் எழுதியிருக்கிறார். அப்போது துரைசாமிக்கு ஏறத்தாழ முப்பது வயதுதான் இருந்திருக்க வேண்டும். பதினாறு ஆண்டு தீவாந்தரம் ஒரு இளைஞனை என்ன செய்தது என்பதைப் பட்டியல் சொல்லவில்லை. பகைப்படை அதிகாரியின் நினைவு சொல்கிறது. மூன்றாவது, சிவகங்கைச் சீமையின் வாய்மொழி. துரைசாமி ஊர் திரும்பினார், மதுரையில் இறந்தார் என்பது அங்கே வழங்கும் செய்தி.

மூன்றும் ஒன்றையொன்று சாராதவை. கம்பெனி எழுத்தருக்கு வெல்ஷின் மனச்சங்கடம் தெரியாது. சிவகங்கைக் குடியானவர் இருவர் எழுதியதையும் படித்தவரல்லர். மூன்றும் பினாங்கில் ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. அதனால் துரைசாமி அங்கே வாழ்ந்தார் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. திரும்பி வந்தார் என்பதை வாய்மொழி சொல்லும் வலுவோடு மற்ற இரண்டு தடயங்களும் சொல்வதில்லை. எனவே அதை அதற்குரிய எடையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு முன்னோரின் வாழ்க்கையை எழுதும்போது, எந்த வாக்கியம் எத்தனை தடயத்தின் மேல் நிற்கிறது என்பதை இப்படிப் பிரித்துக் காட்டுவதே நேர்மையான முறை என்று கருதுகிறேன். பல குடும்ப மலர்கள் இந்த இடத்தில்தான் தவறுகின்றன. பிரியமான கதையும் பதிவான செய்தியும் ஒரே எழுத்தில், ஒரே உறுதியில் அச்சாகிவிடுகின்றன.

கைதிகளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரசாங்கம் யாரைக் கண்டு அஞ்சியதோ அவரைத்தான் நுணுக்கமாக எழுதி வைத்தது. இந்தியக் கைதிகளைப் பற்றிய ஏடுகளில் தகப்பன் பெயர், சாதி, ஊர், உடல் அடையாளம்வரை வருவதைக் கிளேர் ஆண்டர்சனின் ஆய்வுகள் காட்டியுள்ளன. அதே துறைமுகத்தில் அதே காலத்தில் மூட்டை தூக்கிய சுதந்திர மனிதரின் தகப்பன் பெயரை யாரும் கேட்கவில்லை.

ஏட்டின் மௌனம்

1980-களில் ரணஜித் குகாவும் அவரைச் சார்ந்தவர்களும் ஒரு கேள்வியை எழுப்பினார்கள். ஆள்கிறவர் எழுதிய ஏட்டில் ஆளப்பட்டவரின் குரலை எப்படிக் கேட்பது? மிஷேல்-ரோல்ஃப் ட்ரூயோ 1995-இல், மௌனம் ஆவணம் உருவாகும்போதே தொடங்கி, அது சேமிக்கப்படும்போதும் எடுத்து எழுதப்படும்போதும் கூடிக்கொண்டே போகிறது என்றார். ஆன் லாரா ஸ்டோலர் 2009-இல் சற்று மாற்றிச் சொன்னார்: ஏட்டுக்கு எதிராகப் படிப்பதற்கு முன், ஏடு ஏன் அப்படி எழுதப்பட்டது என்று அதன் போக்கிலேயே படியுங்கள்.

முன்னோரைத் தேடுகிறவர்களுக்கு இது வெறும் தத்துவமல்ல. பினாங்குக் குடும்பக் கதைகள் ஏறக்குறைய எல்லாமே ஆண் முன்னோடியின் கதைகள். பூட்டி யார்? அவரும் ஊரிலிருந்து வந்தாரா, இங்கே மணந்தவரா, அவருக்கு முன்பு இன்னொருத்தி ஊரிலேயே விடப்பட்டாரா? கயூத்ரா பகதூர் 2013-இல் வெளியிட்ட நூலில், 1903-இல் கல்கத்தாவிலிருந்து ‘கிளைட்’ கப்பலில் பிரிட்டிஷ் கயானாவுக்குத் தனியாக, கருவுற்ற நிலையில் போன தம் பூட்டி சுஜாரியாவைத் தேடுகிறார். ஏடு ஓரிடத்தில் நின்றுவிடும்போது அவர் கற்பனையால் இட்டு நிரப்புவதில்லை, கேள்விகளை அடுக்குகிறார். இவரிடமிருந்து கற்றுக்கொள்ள நிறைய உண்டு. மலாயாத் தோட்டத்துப் பெண்களைப் பற்றி அருணிமா தத்தா 2021-இல் வெளியிட்ட ஆய்வு, புகார் மனுக்களிலும் வழக்கு ஏடுகளிலும் பெண்கள் தென்படும் சிறு இடைவெளிகளைத் திரட்டிக் காட்டுகிறது. இந்த முறையின் ஆபத்து மறுபக்கத்தில் இருக்கிறது. மௌனத்துக்கு நாம் விரும்பும் பொருளைக் கொடுத்துவிடுவது மிக எளிது. எதிர்த்து நின்றவள் என்று நாம் வியக்கும் பெண் வெறுமனே களைத்துப்போனவளாகவும் இருந்திருக்கலாம்.

மரபணு

எச்சில் மாதிரியிலிருந்து முன்னோரைக் கண்டறியும் வணிகச் சோதனைகள் இப்போது பேசப்படுகின்றன. தமிழருக்கு இதன் பயன் இன்றைக்கு அளவானதே. அத்தை மகள், மாமன் மகள் என்று தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே மணந்த குடும்பங்களில் பகிர்ந்த மரபணு அளவு இயல்பைவிடக் கூடுதலாக இருக்கும். தூரத்து உறவினர் நெருங்கிய உறவினராகத் தோன்றுவார். ஒப்பிட்டுப் பார்க்கத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து போதிய பேர் சோதனை செய்துகொள்ளவும் இல்லை. இரு கிளைகள் ஒரே வேரிலிருந்து வந்தவையா என்ற ஐயத்தைத் தீர்க்க அது உதவக்கூடும். ஊர்ப் பெயரை அது சொல்லாது.

திறந்து கிடப்பவை

இந்தத் தரப்புகளில் ஒன்றைத் தேர்ந்து மற்றதைத் தள்ளுவதற்கான ஆதாரம் போதாது. சொத்தோ பதவியோ வழக்கோ தண்டனையோ உள்ளவருக்கு அரசாங்க ஏடு முதன்மைச் சான்று. நகரத்தாருக்குச் சமூக ஏடு. தமிழ்க் கத்தோலிக்கருக்கு ஞானஸ்நானப் பதிவேடு பெற்றோர் பெயரையும் ஞானப் பெற்றோர் பெயரையும் சேர்த்தே தருகிறது. எரியூட்டப்பட்டுக் கல்லறையும் இல்லாமல் போன இந்துக் கூலித் தொழிலாளிக்கு வீட்டு நினைவைவிட்டால் வேறு தொடக்கமே இல்லை. 1948-இல் மலாயாவில் அடையாள அட்டை வந்த பிறகு பிறந்தவர்களுக்குத் தேடல் எளிது. ‘அனாக் லெலாக்கி’ (இன்னாரின் மகன்) என்று தகப்பன் பெயரோடு கட்டிப்போட்ட பெயர்கள் அவை. அங்கிருந்து மேலே ஏறி, வாழும் நினைவு முடியும் இடத்துக்கும் எழுத்து தொடங்கும் இடத்துக்கும் நடுவிலுள்ள அந்த இரண்டு தலைமுறைப் பள்ளத்தைத் தாண்டுவதே கடினமான வேலை.

தண்ணீர்மலையின் கதையிலேயே இந்தப் பள்ளம் தெரிகிறது. இன்று 513 படிகள் ஏறிப் போகும் மலைக்கோயில் 2012-இல் குடமுழுக்குக் கண்டது. அடிவாரத்துச் செட்டியார் கோயில் 1850-களைச் சேர்ந்தது. இவற்றுக்கு முன்னே நீர்வீழ்ச்சியருகில் ஒரு சிறு சன்னதி இருந்தது என்றும், நகரத்துக்கான நீர்த்தேக்கத்துக்காக அது இடம் மாறியது என்றும் கோயில் வரலாறு சொல்கிறது. அந்த முதல் சன்னதியில் வேலை நட்டு வைத்தவர் யார்? கோயில் மரபு ஒரு பக்கம், 1884-இல் தாவரவியல் தோட்டம் அமைந்ததிலிருந்து அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி எழுதப்பட்ட அரசாங்கத் தாள்கள் மறுபக்கம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் அந்தக் கைகளுக்குப் பெயர் கிடைக்குமா என்பது தேடிப் பார்க்கத் தக்கது.

செட்டிநாட்டு வீடுகள் விலைபோகும்போது தூண்களுக்கும் கதவுகளுக்கும் விலை பேசப்படுகிறது. பரணில் கிடக்கும் கடல் கடந்த கடைகளின் பேரேடுகளை யார் எடுத்து வைப்பது என்ற கேள்வி அவசரமானது. அவற்றில் மேலாள் மட்டுமல்ல, கடன் வாங்கிய நூற்றுக்கணக்கான பினாங்குத் தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் ஊர்ப் பெயரோடும் கைநாட்டோடும் இருக்கக்கூடும்.

அட்மிரல் நெல்சனில் ஏற்றப்பட்ட 73 பேரில் வரலாறு திரும்பத் திரும்பச் சொல்வது ஓரிருவரை. மற்றவர்கள் பட்டியலில் ஆங்கில எழுத்துகளில் சிதைந்த பெயர்களாக நிற்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் தீவிலேயே இறந்தார்கள், யாராவது அங்கே குடும்பம் வைத்தார்களா, இன்று தைப்பூசத்தில் மலையேறுகிறவர்களில் அவர்கள் வழிவந்தவர் உண்டா? இதற்கு விடை பினாங்கில் மட்டும் இல்லை. அந்தப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு பாஞ்சாலங்குறிச்சிப் பக்கமும் காளையார்கோயில் பக்கமும் போய், ‘கடலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகப்பட்டவர் என்று உங்கள் வீட்டில் யாரையாவது சொல்வார்களா’ என்று வீடு வீடாகக் கேட்க வேண்டும்.